பண்டல் ஏற்றும் பத்து அங்குலச் சக்கர ஸ்கூட்டர்: எதை மாற்றலாம், எவ்வளவு காற்று அடிக்கலாம்?

கேள்வி இதுதான்: 2017 மாடல் ஆக்டிவா 4ஜி. அவிநாசியிலிருந்து திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் தினமும் நான்கைந்து நடை, கட்டிங் முடிந்த துணி பண்டல் 60 கிலோ வரை ஏறுகிறது. பாலம் ஏறும்போது வண்டி திணறுகிறது, பின்பக்கம் குழியில் இடிக்கிறது. பின்டயரைப் பெரிதாக்கலாமா, ஷாக்கப்புக்கு ஸ்பிரிங் போடலாமா, ரோலர் மாற்றினால் இழுவை கூடுமா? டயர் கடையில் "முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் 40 அடிச்சுப்போடுங்க, லோடு தாங்கும்" என்கிறார்களே, சரியா? ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோடு வால்பாறை, பழனி போவதும் இதே வண்டிதான்.

முதலில் நேரடிப் பதில். முன்சக்கரம் 22 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு, பேச்சில் 'பாயிண்ட்'), பின்சக்கரம் தனியாகப் போனால் 29, பின்னால் ஆளோ அதற்குச் சமமான லோடோ இருந்தால் 36. இது அந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவு. கையேட்டில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் 1.50, 2.00, 2.50 என்று இருக்கும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ. உங்கள் வேலைக்குப் பின்னால் 36 வைத்துக்கொள்ளுங்கள். பண்டலைக் கால் வைக்கும் பலகையில் ஏற்றினால் மட்டும் முன்னால் 24 வரை போகலாம். முன்சக்கரத்துக்கு 40 வேண்டவே வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், டயர் கடையில் அடுத்த முறை நீங்களே தைரியமாக மறுப்பீர்கள். டயர் தரையைத் தொடும் இடத்தின் பரப்பு, அதன் மேல் வரும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். டயர் சுவரின் விறைப்பால் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் போக்கு இதுதான். முன்சக்கரத்தில் 70 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22 அடித்தால் தரையைத் தொடுவது சுமார் 45 சதுர சென்டிமீட்டர். 40 அடித்தால் 25. பிரேக் பிடிப்பதும் திரும்புவதும் அந்த இடத்தை நம்பித்தான். லாரியிலிருந்து கொட்டிய எம்-சாண்ட் மேலோ, முதல் மழை பெய்த தார் மேலோ அந்த 20 சதுர சென்டிமீட்டர் இல்லாமல் போவது என்ன என்று முன்சக்கரம் வழுக்கும் நொடியில்தான் தெரியும். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சக்கரம் வழுக்கினால் கீழேதான்.

குறைவான காற்றும் அதே அளவு கெடுதல், காரணம் வேறு. 90/100-10 டயரின் வெளிவிட்டம் 434 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 733 சுற்று சுற்றுகிறது. 18 அங்குல பைக் சக்கரம் அதே தூரத்துக்கு 530 சுற்றுக்குப் பக்கம்தான். ஒவ்வொரு சுற்றிலும் டயர் சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. காற்று குறைந்தால் மடிப்பு ஆழமாகிறது, சூடு ஏறுகிறது, நூலிழையும் ரப்பரும் பிரிகின்றன. டயர் சுவரில் கொப்புளம் வருவது, வெயில் நேரத்தில் லோடோடு வெடிப்பது எல்லாம் பெரும்பாலும் இந்த வழியாக வருவதுதான். சின்னச் சக்கரத்துக்குள் காற்றின் கொள்ளளவும் குறைவு. அதனால் ஒரு பைக் டயரில் தெரியவே தெரியாத சிறு கசிவு இதில் ஒரு வாரத்தில் ஐந்தாறு பாயிண்ட்டைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை பார்ப்பது இந்த வண்டிக்கு மிகையான அக்கறை அல்ல.

பார்க்கிற நேரமும் முக்கியம். காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். கம்பெனி சொல்லும் எண்கள் எல்லாம் ஆறிய டயருக்கானவை. சுற்றிலும் 10 டிகிரி சூடு கூடினால் 29 அடித்த டயர் 30½ காட்டும், 36 அடித்தது 37½க்கு மேல் போகும். சித்திரை வெயிலில் ஈரோடு ரோட்டில் ஓடி நின்ற டயரில் நான்கைந்து பாயிண்ட் கூடுதலாகக் காட்டினால் அது இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் 31, 32-இல் நிற்கும், அதன் மேல் மறுபடி 60 கிலோ ஏறும். சூட்டில் இறக்கக் கூடாது.

பங்க்கில் இருக்கும் மீட்டரை நம்பி முடிவு எடுக்காதீர்கள். ஒரே டயரை இரண்டு பங்க்கில் பிடித்துப் பாருங்கள், மூன்று நான்கு பாயிண்ட் வித்தியாசம் சாதாரணமாக வரும். சொந்தமாக ஒரு டயல் கேஜ் வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். அதுவும் துல்லியமாக இல்லாமல் போகலாம், ஆனால் எப்போதும் ஒரே கேஜில் பார்த்தால் கூடியதா குறைந்ததா என்பது பிசகாமல் தெரியும்.

இன்னொரு இடைஞ்சல் வால்வு. பத்து அங்குல ரிம்மில் வால்வுக்கும் பிரேக் டிரம்முக்கும் நடுவே இடம் குறைவு, பங்க் துப்பாக்கி நேராக நுழையாது. காற்று பிடிக்கிறவர் வால்வைப் பக்கவாட்டில் வளைத்துத்தான் சொருகுவார். அப்படி நூறு முறை வளைத்தால் ரப்பர் அடிப்பாகத்தில் மயிரிழை வெடிப்பு விழும். "பஞ்சரே இல்லீங்க, ஆனா காத்து மட்டும் எறங்குது" என்ற புகாரில் பாதி இந்த நெக், அதாவது வால்வின் ரப்பர் தண்டுதான். டயர் மாற்றும்போதெல்லாம் நெக்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், டயர் விலைக்கு முன் அது ஒன்றுமே இல்லை. எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தால் உள்ளே இருக்கும் பின் கசிவது தெரியும், அடிவெடிப்பு தெரியாது. அதற்குச் சோப்பு நுரையை நெக்கின் அடியில் தடவி, நெக்கை மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

இனி எடை. காற்று, டயர், ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் முன் இதைச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் செலவே இல்லாமல் பெரிய பலன் தருவது இதுதான். டயர் சுவரில் 90/100-10 53J என்று இருக்கும். 53 என்பது அந்த ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு: 206 கிலோ, அதுவும் சுவரில் எழுதியிருக்கும் முழுக் காற்றில். J என்பது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை. உங்கள் பின்சக்கரத்தில் உண்மையில் எவ்வளவு நிற்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. திருப்பூரில் தராசு இல்லாத கம்பெனி ஏது? நூல் மூட்டை நிறுக்கும் 300 கிலோ பிளாட்பாரத் தராசின் மேல் பின்சக்கரத்தை மட்டும் ஏற்றி, முன்சக்கரத்துக்கு அடியில் தராசு உயரத்துக்கே பலகை அடுக்கி, நீங்கள் ஏறி உட்கார்ந்து, பண்டலையும் வைத்து, கூட ஒருவரைப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி எண்ணைப் பாருங்கள். பிறகு சக்கரத்தை மாற்றி முன்பக்கத்தையும் நிறுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் மீதி எல்லாம் கணக்குதான்.

பண்டலை எங்கே வைக்கிறீர்கள் என்பது அந்த எண்களை எப்படி மாற்றும் என்று பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கேரியர் போட்டு, அதில் 40 கிலோவை வைத்தால், அதன் நடு எடை பின் அச்சுக்கு 25 சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. சக்கர இடைவெளி சுமார் 124 சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி பின்சக்கரத்துக்கு 40 அல்ல, 48 கிலோ வரும். கூடுதலான 8 கிலோ முன்சக்கரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. முன்பக்கம் லேசாகி, 40, 45 வேகத்தில் ஹேண்டில் உதறுவதன் காரணம் அதுதான். அதே 40 கிலோவைக் கால் பலகையில் வைத்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலாகவே முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரத்துக்கு 20-க்குள்தான். ஆக 60 கிலோ பண்டலை இரண்டாகக் கட்டி, கனமான 35, 40 கிலோவைக் கால் பலகையிலும், மீதியைப் பின்சீட்டின் மேல் முதுகை ஒட்டியும் வையுங்கள். கேரியரில் 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். கால் பலகை பண்டல் ஹேண்டில் முழுதாகத் திரும்புவதைத் தடுக்கக் கூடாது, உங்கள் காலை வெளியே தொங்கவிட வைக்கவும் கூடாது. கால் தொங்கும் அளவுக்குப் பண்டல் பெரிதென்றால் அந்த நடையை இரண்டாகப் பிரிப்பதுதான் வழி.

கட்டுவதற்கு நைலான் கயிற்றை விட, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த ரப்பர் வார் மேல். துணி அமுங்கினாலும் அது தளராது. எதால் கட்டினாலும் நுனியை உள்ளே செருகிவிடுங்கள்; தொங்கும் நுனி பின்சக்கர அச்சில் சுற்றினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

கேரியர் பட்டறையில் வெல்டு வைப்பதானால் இரண்டு விஷயம். பேட்டரியின் இரண்டு வயரையும் கழற்றிவிட வேண்டும். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வெல்டு வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். சக்கரத்திலோ என்ஜினிலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதன் குண்டுகளில் குழி போட்டுவிடும். உங்கள் 4ஜி கார்புரேட்டர் வண்டி, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சி.டி.ஐ. யூனிட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். 2020-க்குப் பிந்தைய பி.எஸ். 6 (புதிய புகை விதி) வண்டியென்றால் எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கான கணினிப் பெட்டியும் சேரும், அது போனால் செலவு பெரிது. முடிந்தவரை வண்டியில் வெல்டு வைக்காமல், கேரியரைத் தனியே செய்து போல்ட்டில் பூட்டுவதே நல்லது.

பின்டயரைப் பெரிதாக்குவது பற்றி. 100/90-10 என்ற அளவை ஆக்டிவாவின் பின்னால் போடுகிறவர்கள் உண்டு. கணக்கில் அதன் வெளிவிட்டமும் 434-தான், அகலம் மட்டும் 10 மில்லிமீட்டர் கூடுதல். கிலோமீட்டர் காட்டும் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் மீட்டரும் மாறாது. சில கம்பெனிகளில் இதன் சுமைக் குறியீடு 56, அதாவது 224 கிலோ. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிம் அகலம் அதேதான். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் மேற்பரப்பு உருண்டைபோலத் திரண்டு, நேராக ஓடும்போது நடுவரி மட்டும் தேயும். டயரின் எடையும் கூடுவதால் கிளம்பும்போது இழுவை இன்னும் மந்தமாகும். இழுவை குறைகிறது என்ற உங்கள் முதல் புகாருக்கு எதிர்த் திசையில் போகிறது இது. தராசில் பின்சக்கரம் 180 கிலோவுக்குள் நின்றால் அதே 90/100-10-ஐ நல்ல கம்பெனியில், புதிய தேதியில் வாங்குங்கள். தேதி சுவரில் நான்கு இலக்கத்தில் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று வருடத்துக்கு மேல் கடையில் கிடந்ததைத் தள்ளுபடி கொடுத்தாலும் லோடு வண்டிக்கு வாங்க வேண்டாம்.

180-ஐத் தாண்டுகிறதென்றால் டயரை மாற்றுவதல்ல வழி, எடையைக் குறைப்பதுதான். டயர் தாங்கினாலும் பேரிங், ஒற்றை ஷாக்கப், பிரேக் டிரம் மூன்றும் தாங்கப்போவதில்லை.

பின்டயர் கழற்றும்போது நடக்கும் கெடுதல் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் சைலன்சரை இறக்கினால்தான் பின்சக்கரம் வெளியே வரும். என்ஜின் தலையில் சைலன்சரைப் பிடிக்கும் இரண்டு நட்டும் துருப்பிடித்து இறுகியிருக்கும். டயர் கடையில் அவசரத்தில் நீளப் பைப் போட்டுத் திருகினால், நட்டு ஏறும் திருகுக் கம்பி (ஸ்டட்) என்ஜின் தலைக்குள்ளேயே முறியும். முந்தைய இரவே துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டு, என்ஜின் ஆறிய பிறகு கழற்றச் சொல்லுங்கள். மறுபடி பூட்டும்போது கேஸ்கட் புதிதாக இருக்க வேண்டும். பழையதையே போட்டால் கசிந்து, ஆக்சிலரேட்டரை விடும்போது பட் பட்டென்று வெடிக்கும். டயர் வெளியே இருக்கும்போதே ரிம் ஓரத்தைப் பாருங்கள். இரும்பு ரிம், துரு பிடிக்கும். டயர் உட்காரும் விளிம்பை எமரி தாளில் தேய்த்து, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகு மாட்டினால் அந்த வழியாகக் கசிவது நின்றுவிடும். குழியில் விழுந்து விளிம்பு நெளிந்திருந்தால் சுத்தியலில் தட்டி நிமிர்த்தியதை மறுபடி நம்ப வேண்டாம், ரிம்மை மாற்றுங்கள்.

கசிகிற டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டுவது லோடு வண்டிக்கு ஆகாது. டியூபும் டயரும் உரசிச் சூடு கூடும், ஆணி ஏறினால் டியூப்லெஸ்போல மெல்ல இறங்காமல் சட்டென்று இறங்கும். சீலன்ட் திரவத்தை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜன் தேவையில்லை, சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான்.

ஷாக்கப். 4ஜி-யில் பின்பக்கம் இடதுபுறம் ஒன்றே ஒன்று, திருகி விறைப்பை மாற்றும் வசதி கிடையாது. 2020-இல் வந்த 6ஜி-யில் மூன்று நிலை உண்டு. முதலில், இருக்கிறது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கத்தை அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே எண்ணெய் போய்விட்டது, கம்பியைச் சுற்றி எண்ணெய்க் கறையும் தெரியும். ஏழெட்டு வருடம் லோடு அடித்த வண்டியில் பெரும்பாலும் இந்த நிலைதான். புதிய ஷாக்கப் போட்டாலே பாதி இடி நின்றுவிடும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் இதே மேல் கீழ் புஷ் (பூட்டும் துளையில் இருக்கும் வளையம்) அளவும் நீளமும் உள்ள, விறைப்பு மாற்றக்கூடிய ஷாக்கப்பைத் தேடுங்கள். நீளம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் பின்பக்கம் தூக்கி, ஹேண்டில் கோணம் கூர்மையாகி, வண்டி நேராக நிற்க மறுக்கும். ஸ்பிரிங் வளையங்களுக்கு நடுவே ரப்பர் கட்டை செருகும் வித்தை எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்த இடத்தில் வளையம் வேலை செய்யாததால் மற்ற வளையங்கள் அதிகமாக மடங்கி, கட்டைக்குப் பக்கத்து வளையம் முறியும். வலதுபுறம் இரண்டாவது ஷாக்கப் வெல்டு வைத்து மாட்டுவதையும் செய்யாதீர்கள். அந்தப் பக்கம் என்ஜின் கூட்டிலும் சேசிஸிலும் அதற்கான பலம் கொடுத்து வார்க்கவில்லை.

முன்பக்கத்தில் 6ஜி-க்கு முந்தைய வண்டிகளில் டெலஸ்கோபிக் (குழாய்க்குள் குழாய் நுழையும் ஃபோர்க்) இல்லை, கீழே இணைப்புத் தகடு வைத்த அமைப்பு. அதன் புஷ்கள் தேயும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்னால் ஒருவர் அமுக்க, முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்றால் புஷ். முன்னும் பின்னுமாக இழுக்கும்போது ஹேண்டில் கழுத்தில் தட்டினால் கோன் செட், அதாவது கழுத்து பேரிங். இரண்டும் சின்னக் கோளாறாக இருக்கும்போதே மாற்றிவிட்டால் ஹேண்டில் உதறல் நின்றுவிடும். 6ஜி-யின் 12 அங்குல முன்சக்கரத்தையும் ஃபோர்க்கையும் எடுத்து மாட்டித் தருகிறோம் என்று சொல்வார்கள். கழுத்துத் தண்டு, பிரேக் கேபிள், மீட்டர் கணக்கு எல்லாம் மாறும். சட்டத்திலும் இடமில்லை: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

இனி இழுவை. திருப்பூர் வண்டிகளுக்கே உரிய ஒரு நோய் உண்டு: பஞ்சுத் தூசி. நிட்டிங், கட்டிங் கம்பெனி வாசலில் நாள் முழுக்க நிற்கும் ஸ்கூட்டரின் வலதுபுற விசிறி மூடிக்குள்ளும், சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவிலும், இடதுபுற பெல்ட் கூட்டின் காற்று வழியிலும் பஞ்சு மெத்தைபோல அடைந்துவிடும். இந்த என்ஜின் விசிறிக் காற்றில் ஆறுவது. காற்று போகாவிட்டால் மதியத்துக்கு மேல் சூடு ஏறி இழுவை விழும். "காலைல நல்லா இழுக்குது, மத்தியானம் ஆனா சொணங்குது" என்றால் முதலில் அந்த மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஏர் ஃபில்டரும் அப்படித்தான். எண்ணெய் தோய்ந்த காகித வகை, கம்ப்ரசரில் ஊதக் கூடாது. ஊதினால் எண்ணெய் போய், தூசி நேராக உள்ளே போகும். பஞ்சுத் தூசியில் ஓடும் வண்டிக்கு, கையேட்டில் சொன்ன தூரத்துக்குப் பாதியிலேயே புதிது போடுங்கள்.

அதற்குப் பிறகும் திணறினால் பெல்ட் கூட்டைத் திறக்கலாம். உள்ளே முன்பக்கம் வேரியேட்டர், அதில் ஆறு ரோலர், பின்பக்கம் கிளட்ச். வேகம் கூடக் கூட ரோலர்கள் வெளியே தள்ளப்பட்டு, பெல்ட்டை மேலே ஏற்றி, கியர் மாற்றும் வேலையைச் செய்கின்றன. ரோலர் உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் ஏதோ ஒரு வேகத்தில் சிக்கி நிற்கும், பாலம் ஏறும்போது கீழ் கியருக்குத் திரும்பாது. பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்தாலும், ஓரத்தில் வெடித்தாலும் மாற்ற வேண்டியதுதான். லோடு வண்டிக்கு 20,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுவது நல்லது. பெல்ட் அறுந்தால் துண்டுகள் கூட்டுக்குள் சுற்றி மற்றதையும் கெடுக்கும்.

எடை குறைந்த ரோலர் போட்டால் என்ஜின் கொஞ்சம் கூடுதல் சுற்றில் இருக்கும்போதுதான் மேல் கியருக்குப் போகும். அதனால் ஏற்றத்தில் இழுக்கும். மைலேஜ் குறையும், சத்தம் கூடும், வேகமாகப் போகும்போது என்ஜின் அலறும். உங்கள் வேலை 40 வேகத்தில் லோடு இழுப்பது, அதனால் செய்யலாம். ஆனால் பழைய ரோலர்களை நகைக்கடைத் தராசுபோன்ற சின்னத் தராசில் நிறுத்துக்கொண்டு, புதியவை ஒவ்வொன்றும் ஒரு கிராம் மட்டும் குறைவாக இருக்கும்படி வாங்குங்கள். ஆறும் ஒரே எடை. முதல் தடவையிலேயே மூன்று கிராம் குறைத்தால் வண்டி அழுதுகொண்டே ஓடும், பெல்ட்டும் சூடாகும்.

மாட்டும்போது தவறு நடப்பது பெரும்பாலும் ஓரிடத்தில். முன்பக்க நட்டை முறுக்குமுன் பின் கிளட்ச் பக்கத்துக் கப்பியைக் கையால் விரித்து, பெல்ட்டை அதன் ஆழத்துக்கு அமுக்கி இறக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் பெல்ட் தளர்ந்து, நட்டு உலோகத்தோடு உலோகமாக இறுகும். அப்படிச் செய்யாமல் முறுக்கினால் நடுவில் பெல்ட் கவ்விக்கொண்டு, நட்டு இறுகியதுபோலத் தெரியும். நூறு இருநூறு கிலோமீட்டரில் அது தளர்ந்து, தண்டின் பல்லையே தின்றுவிடும். முறுக்கும்போது விசிறித் தகட்டுக்குள் ஸ்குரூடிரைவரைச் செருகிப் பிடிப்பதும் கூடாது, துடுப்பு உடையும்; அதற்கான பிடி கருவி இருக்கிறது. பெல்ட் படும் முகங்களில் கிரீஸ் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. பெட்ரோலில் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது சுற்றும் திசை.

பிரேக் விஷயத்தில் மாற்றம் எதுவும் வேண்டாம், பராமரிப்புதான். டிரம்மைத் திறந்து பஞ்சும் தூசியும் துடைத்து, பிரேக் கட்டைகளை விரிக்கும் கேம் தண்டுக்கு மட்டும் கொஞ்சம் கிரீஸ். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு. இடது லீவர் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது. அதனால் ஒரு கேபிளை மட்டும் இறுக்கிவிட்டு மற்றதை விடாதீர்கள்.

வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. இரண்டு பேர் போவதால் முன்னால் 22, பின்னால் 36. "மலைக்குப் போறோம், கிரிப்புக்குக் கொஞ்சம் எறக்கிக்கலாம்" என்ற எண்ணம் வேண்டாம். உயரம் கூடினால் வெளிக் காற்றின் அழுத்தம் குறைந்து மீட்டர் கூடக் காட்டும், குளிரால் குறையவும் செய்யும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போனால்கூட உயரத்தால் மூன்று பாயிண்ட் கூடி, குளிரால் இரண்டுக்கு மேல் இறங்கி, கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கும். கீழே காலையில் அடித்ததோடு விட்டுவிடுங்கள்.

இறக்கத்தில்தான் கவனம். கியர் வண்டிபோல இதில் என்ஜின் பிடித்து நிறுத்தாது. கொஞ்சமாவது பிடிக்கும், ஆனால் வேகம் 15-க்குக் கீழே போனால் கிளட்ச் தானே விட்டுவிடும், வண்டி நியூட்ரலில் உருளும். முழுப் பாரமும் டிரம்மில் விழும். ஆகவே நேரான இடத்திலேயே வேகத்தைக் குறைத்து, 20, 25-இல் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்ச் பிடித்திருக்கும்படி வளைவுக்குள் நுழையுங்கள். பிரேக்கை உரசிக்கொண்டே இறங்காமல், பிடித்துப் பிடித்து விடுங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போவதோ, எரிந்த வாசனையோ வந்தால் நிறுத்தி, டிரம் தொடக்கூடிய சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம் கோணிவிடும்.

எல்லாம் முடித்த பிறகு 36 உங்கள் லோடுக்குச் சரியா என்று பார்க்க ஒரு சோதனை. அதிகாலையில், வெயில் ஏறுமுன், ஆறிய டயரில் 36 வைத்து, முழு லோடோடு 20 கிலோமீட்டர் ஓட்டி, உடனே அதே கேஜில் பாருங்கள். 38 முதல் 40 வரை காட்டினால் சரி. 41-ஐத் தாண்டினால் டயர் அளவுக்கு மேல் மடங்கிச் சூடாகிறது, லோடு அதிகம். அப்போது காற்றைக் கூட்டாதீர்கள், பண்டலைக் குறையுங்கள். தராசில் வரும் இரண்டு எண்ணையும், கழற்றிய ரோலரின் எடையையும் எழுதுங்கள். எத்தனை கிராம் ரோலர் வாங்கலாம் என்பதை அதை வைத்துச் சொல்கிறேனுங்க.